படம் வந்த மாதிரி இருந்தது

படம் வரவில்லை என்றதும் எல்லோரும் முதலில் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள். தட்டக் கூடாது. தட்டினால் சில சமயம் படம் வந்துவிடும். ஆனால் எங்கே பழுது என்பது கடைசிவரை தெரியாமல் போய்விடும். முப்பத்திரண்டு வருடமாக டிவி, ரேடியோ சரிசெய்கிறவன் என்பதால் சொல்கிறேன். ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து மறு முனைவரை நிதானமாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். அதே மாதிரி எழுதுகிறேன்.

என் அண்ணன் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட ஏழு வயது மூத்தவர். வீட்டில் அவர், அண்ணி, அவர்களுடைய ஒரே மகள். மகளுக்கு நூலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு தெரு தள்ளி என் கடை. கடைக்குப் பின்னாலேயே என் அறை.

போன வருடம் அண்ணன் என் கடையில் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின. பேச்சு போயிற்று. கண்ணில் வலது பக்கப் பார்வையும் போயிற்று. வலப்பக்கம் நிற்பவர் அவருக்கு இல்லாதவர் மாதிரி. நான் வெளியே போயிருந்ததாகவும், திரும்பி வந்தபோது அவர் தரையில் கிடந்ததாகவும், எப்போது விழுந்தார் என்று தெரியாது என்றும் அன்று மருத்துவமனையில் சொன்னேன். டாக்டர் இரண்டு முறை கேட்டார். நேரம் தெரிந்தால் ஒரு ஊசி போடலாமாம்; தெரியாமல் போட்டால் ஆபத்தாம். போடவில்லை.

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வாரம் ஒருமுறை வந்தார். சின்ன வயது, ஆனால் வேலை தெரிந்தவர். “இவருக்கு உள்ள எல்லாம் சரியா இருக்கும்மா. நாம சொல்றது புரியுது, சொல்ல நினைக்கிறதும் இருக்கு. வெளிய வர்ற வழிதான் அடைஞ்சு போச்சு” என்று அண்ணியிடம் விளக்கினார். எழுத்துகள் எழுதிய அட்டையைக் காட்டினார். அண்ணனுக்கு அட்டையில் பாதி தெரியவில்லை. தெரிந்த பாதியிலும் எழுத்துகள் நகர்ந்துகொண்டே இருந்தன போலும். விரல் எங்கெங்கோ போய் நின்றது. அட்டையை மடித்து வைத்துவிட்டார்கள்.

கண்டுபிடித்தது மகள்தான். அண்ணனுடைய இடது கை ஆள்காட்டி விரல் எந்நேரமும் போர்வையைத் தட்டிக்கொண்டிருக்கும். நடுக்கம் என்று எல்லோரும் நினைத்தோம். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “அம்மா, இது நடுக்கம் இல்ல. அப்பா டைப் பண்றாரு” என்றாள்.

அண்ணனிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. விசைப்பலகையும் கம்ப்யூட்டரும் ஒரே உடம்பு. திரைக்கு டிவியோடு இணைக்க வேண்டும். எழுதியதைச் சேமிக்க கேசட் ரெக்கார்டர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. இருபது வருடம் கேள்வித்தாள், மதிப்பெண் பட்டியல் எல்லாம் அதில்தான் செய்தார். இரண்டு கையும் இருந்தபோதே அதில் இடது கை ஒரு விரலால்தான் அடிப்பார். வலது கையில் எப்போதும் பேனா இருக்கும். வீட்டில் அதற்கு ‘பெட்டி’ என்று பெயர். பரணிலிருந்து இறக்கி, துடைத்து, அவர் மடியில் ஒரு பலகை போட்டு வைத்தார்கள். அவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. விரல் தானாக இடம் தேடிப் போய் டக் டக்கென்று அடித்தது. புது விசைப்பலகை ஒன்றும் வாங்கி வந்து கொடுத்துப் பார்த்தாள் மகள். அதன் விசைகள் தட்டை, இடைவெளி வேறு. திரையில் வந்தது வெறும் குப்பை. அவர் விரலுக்குத் தெரிந்தது பெட்டி மட்டும்தான்.

ஆனால் பெட்டியில் படம் வரவில்லை.

“சித்தப்பா, நீங்கதான் பாக்கணும். வேற யாருக்கும் இதோட தலையும் தெரியாது காலும் தெரியாது” என்று மகள் வந்து நின்றாள். நான் உடனே கிளம்பினேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சரிசெய்யும் எண்ணத்தோடுதான் போனேன்.

முதல் நாள் கம்பியை மாற்றினேன். பத்துக்கு ஏழு பழுது கம்பியில்தான் இருக்கும். இது மீதி மூன்றில் ஒன்று. இரண்டாம் நாள் டிவியில் சேனலை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்தேன். ஓரிடத்தில், பெட்டியைப் போட்டதும் டிவியின் புள்ளி மழை நின்று திரை கறுப்பானது. அணைத்தால் மறுபடியும் மழை. பெட்டியிலிருந்து அலை வருகிறது, அதில் படம் மட்டும் ஏறவில்லை என்று அர்த்தம். எனக்கு அப்போதே பாதி தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் திறந்தேன். ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு தகர டப்பா இருக்கும். கம்ப்யூட்டர் தரும் படத்தை டிவிக்குப் புரிகிற அலையாக மாற்றுவது அதன் வேலை. வருடக் கணக்கில் கம்பியைச் செருகிப் பிடுங்கியதில் அந்த டப்பாவின் ஒரு கால் பற்று விட்டிருந்தது. ஈயத்தைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு விரிசல், அவ்வளவுதான். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தேன். ஐந்து நிமிட வேலை.

படம் வந்தது. நீலத் திரை, மேல் மூலையில் ஒரு வெள்ளைச் சதுரம் விட்டு விட்டு மின்னியது. அண்ணி அதுவரை அண்ணனுக்கு வலப்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது, எழுந்து போனார். அவர் போனது அண்ணனுக்குத் தெரியவில்லை. மனைவி பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் அடித்தார். பெட்டியில் ஆங்கில எழுத்துதான் உண்டு; தமிழை அதில் எழுத்துக் கூட்டி எழுதினார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

நீ கேள். தம்பி அங்கே இருந்தான்.

இரண்டு முறை படித்தேன். பெட்டியை அணைத்தேன். பற்றவைத்த காலைச் சூடாக்கி விலக்கினேன். அண்ணி திரும்பி வந்து, “படம் வந்துச்சா? ஏதோ வெளிச்சம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சே” என்றார்.

“வந்த மாதிரி இருந்துச்சு அண்ணி. போயிடுச்சு.”

இதில் எந்த வார்த்தை பொய் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதன் பிறகு தினமும் மூன்று மணிக்குப் போவேன், ஐந்துக்குத் திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாலையில். பழுது பார்ப்பவன் வேலை செய்வது தெரிய வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்காரர்களுக்கு நம்பிக்கை போய்விடும். அதனால் இல்லாவிட்டாலும் பெட்டி ஓடும் என்கிற சில நல்ல உதிரிகளைக் கழற்றி ஒரு சாஸரில் போட்டு அண்ணியிடம் காட்டுவேன். “இதெல்லாம் காலாவதி ஆனது அண்ணி. ஒண்ணொண்ணா மாத்தணும்.” அண்ணி அந்தச் சாஸரைப் பார்த்து, வயிற்றிலிருந்து எடுத்த கல்லைப் பார்ப்பது போலத் தலையசைப்பார். இன்னொரு மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்று மகள் ஒருமுறை கேட்டாள். “கூப்பிடும்மா. ஆனா ஆளாளுக்குக் கை வச்சா அப்புறம் ஆண்டவனே வந்தாலும் ஒட்ட வைக்க முடியாது” என்றேன். கூப்பிடவில்லை. இதே மாதிரி பெட்டி வேறு எங்காவது கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்காது என்றேன். தேடினால் கிடைக்கும். அந்தப் பதில் சரியில்லைதான், ஒத்துக்கொள்கிறேன்.

தினமும் நாலு மணிக்கு அண்ணி மருந்துக்கடைக்கோ காய்கறிக்கோ போவார். நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில் போவார். அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தில் சில நாட்கள் டப்பாவின் காலைப் பற்றவைத்துப் படத்தைக் கொண்டுவருவேன். ஏன் என்று நீங்கள் நேற்றுக் கேட்டீர்கள். சரிசெய்யத் தெரிந்தவன் சரிசெய்யாமல் எத்தனை நாள் இருக்க முடியும்? தவிர, அண்ணன் என்ன சொல்ல நினைக்கிறார் என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. அவர் அடிப்பார், நான் படிப்பேன். அண்ணியின் செருப்புச் சத்தம் கேட்பதற்குள் விலக்கிவிடுவேன். ஈயம் உருகிய வாசனையை முகர்ந்து, “பாவம், உங்களுக்குத்தான் எவ்வளவு சிரமம்” என்பார் அண்ணி.

முதல் சில நாட்கள் அண்ணன் ஒரே வார்த்தையைத்தான் அடித்தார். ஏன். பிறகு வேறு விஷயங்களுக்கு வந்தார். வெயில் கண்ணில் படுகிறது. குதிகால் வலிக்கிறது. அண்ணி வந்ததும் நான் அண்ணனின் முகத்தை உற்றுப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, “அண்ணி, அந்தத் திரையைக் கொஞ்சம் இழுத்து விடுங்க, அவருக்குக் கண்ணு கூசுது. காலுக்கு அடியில ஒரு தலையணை வைங்க” என்பேன். வைத்ததும் அண்ணனின் முகம் தளரும். எல்லோருக்கும் ஆச்சரியம்.

“அப்பா மனசுல என்ன நினைக்கிறாருன்னு சித்தப்பாவுக்குத்தான் தெரியுது” என்றாள் மகள்.

“கூடப் பிறந்த பாசம்டி. சும்மாவா?” என்றார் அண்ணி.

எனக்குச் சின்ன வயதில் பேச்சு திக்கும். ‘ப’வில் ஆரம்பிக்கும் வார்த்தை வந்தால் உதடு ஒட்டிக்கொள்ளும். அப்பாவுக்குப் பொறுமை கிடையாது. “அவன் சொல்ல வர்றத நீயே சொல்லிடுடா” என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் ஆரம்பித்த வாக்கியத்தை அண்ணன் முடித்தார். கடையில், பள்ளிக்கூடத்தில், எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில். அந்தப் பெண் என்னிடம் என்ன படித்தீர்கள் என்று கேட்டாள். அண்ணன் பதில் சொன்னார். எனக்கு முப்பது வயதில் திக்கு தானாகவே நின்றுவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. இப்போது அவர் சொல்ல வருவதை நான் சொல்கிறேன். வாழ்க்கை சில சமயம் தானாகவே சமன் செய்துகொள்ளும். கணக்கு வாத்தியாருக்கு இது புரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் மாதம் ஒருநாள் அடித்தார்: சாப்பாடு மூச்சில் போகிறது.

மறுநாளும் அதையே அடித்தார். அடுத்த நாள்: விழுங்கும்போது உள்ளே தப்பிப் போகிறது. இருமல் வருவதில்லை. அவளிடம் சொல்.

எல்லாவற்றையும் கூழாக அரைத்து அண்ணிதான் ஊட்டுவார். ஒரு நாளைக்கு நாலு வேளை. கழுத்தில் துண்டைச் சுற்றி, “இன்னும் ஒரே ஒரு வாய், எனக்காக” என்று சொல்லிச் சொல்லி ஊட்டுவார். அவர் வாயைத் திறக்க மாட்டார். அண்ணி அழுவார். அவர் திறப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாஸரிலிருந்த உதிரிகளைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

அவர் சொன்னதை நான் சொல்லவில்லை. காரணம் உண்டு. கண் கூசுகிறது, கால் வலிக்கிறது என்பதையெல்லாம் முகத்தைப் பார்த்து ஊகித்ததாகச் சொல்லலாம். இருமலே இல்லாமல் சாப்பாடு மூச்சுக்குழலில் இறங்குவதை எந்த முகத்தைப் பார்த்து ஊகிப்பது? எப்படித் தெரியும் என்று பேச்சுப் பயிற்சிப் பெண் கேட்பார். அவர் விவரமானவர். பிறகு மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள். அங்கே கண் அசைவை வைத்தே பேச வைக்கிற மெஷின் எல்லாம் இருக்கிறதாம். நான் செய்துகொண்டிருந்த வேலை பாதியில் நின்றுபோயிருக்கும்.

அதன் பிறகு அண்ணன் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். படம் வந்தால் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொள்வார். படம் இல்லாதபோது மட்டும் அடிப்பார். மற்றவர்கள் அதைப் பழக்கதோஷம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கேதான் தவறு செய்தேன். படம் வரவில்லை என்றால் பெட்டி வேலை செய்யவில்லை என்று வாடிக்கையாளர் நினைக்கலாம், மெக்கானிக் நினைக்கலாமா? பெட்டி ஓடிக்கொண்டிருந்தால், திரை கறுப்பாக இருந்தாலும் அடித்ததெல்லாம் உள்ளே ஏறும்.

ஐந்தாம் மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. நுரையீரல் இரண்டிலும் சளி கட்டியிருந்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “சாப்பாடு உள்ள போயிருக்கு. ரொம்ப நாளா போயிட்டிருந்திருக்கு. விழுங்கக் கஷ்டமா இருக்குன்னு எதுவும் காட்டிக்கலையா?” என்று கேட்டார்.

“அவர் எப்படி டாக்டர் காட்டுவாரு?” என்றார் அண்ணி.

நான்காம் நாள் காலை பதினோரு மணிக்கு அண்ணன் இறந்தார். செய்ய வேண்டியதையெல்லாம் நான்தான் செய்தேன். வந்தவர்கள் அத்தனை பேரும் அண்ணனுக்கு இப்படி ஒரு தம்பி வாய்க்க வேண்டுமே என்றார்கள்.

ஒரு மாதம் கழித்து மகள் பெட்டியையும் ரெக்கார்டரையும் ஒருவருக்குக் கொடுத்தாள். ஓய்வு பெற்ற தபால்காரர். பழைய கம்ப்யூட்டர்களைத் தேடிச் சேர்க்கிறவர். என்னிடம் அவள் கேட்கவில்லை. அவர் அன்றே திறந்து பார்த்திருக்கிறார். மறுநாள் பெட்டியையும், ரெக்கார்டருக்குள் கிடந்த கேசட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். அண்ணி உள் அறையில் படுத்திருந்தார். முன் அறையில் மேஜைமேல் பெட்டி இருந்தது. படம் தெளிவாக இருந்தது.

தபால்காரர் என்னிடம் மரியாதையாகவே பேசினார். “சார், இந்த ஒரு காலைத் திரும்பத் திரும்பச் சூடு பண்ணியிருக்காங்க. பாருங்க, பலகையில செம்பே உரிஞ்சு வந்திருக்கு. ஒருத்தர் சரி பண்றாரு, எடுக்கறாரு. திரும்ப சரி பண்றாரு, எடுக்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியல.”

“உங்களுக்குப் புரிஞ்சதுதான் சார் அது” என்றேன்.

மகள் என்னைப் பார்க்காமலே சொன்னாள். “ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அப்பா ரெக்கார்டரையே காட்டிட்டிருந்தாரு. கேசட்டைப் போட்டு ரெக்கார்டு அமுக்கற வரைக்கும் விடல. சும்மா ஆசைக்குப் பண்றாருன்னு நினைச்சேன், சித்தப்பா.”

கேசட்டிலிருந்ததைத் திரையில் ஏற்றிக் காட்டினாள். திரையில் தெரியாமலே அடித்ததில் ஒரு பிழைகூட இல்லை. எண் போட்ட வரியைத்தான் பெட்டி வைத்துக்கொள்ளும்; வாத்தியார் வழக்கப்படி வரிக்கு வரி பத்துப் பத்தாக எண் போட்டிருந்தார்.

10 தம்பி கடையில் விழுந்தேன்
20 தம்பி அங்கே இருந்தான் பார்த்தான்
30 இரண்டு மணி நேரம்
40 படம் வருகிறது தம்பி மறைக்கிறான்
50 சாப்பாடு மூச்சில் போகிறது
60 நான் போய்விட்டால் இதை அம்மாவிடம் சொல்லாதே அவள் கையால் ஊட்டியது

சட்டத்தில் இதற்கெல்லாம் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அன்று காலை பத்தரை மணிக்கு அண்ணன் கடைக்கு வந்தார். புதிதாக மாட்டிய பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தார். அதில் ‘டிவி, ரேடியோ பழுதுப் பார்க்கப்படும்’ என்று எழுதியிருந்தது. நானே எழுதிக் கொடுத்தது. “என்னடா இது? பழுதுக்கும் பார்க்கவுக்கும் நடுவுல ‘ப்’ வராதுடா. ஊரே சிரிக்கும். இறக்கு, நான் சரி பண்ணித் தர்றேன்” என்றார். நான், “பரவாயில்ல, இருக்கட்டும்” என்று சொல்ல வாயெடுத்தேன். ‘ப’ என்றதும் அவரே, “பரவாயில்லையா? என்ன பரவாயில்ல?” என்று முடித்துவிட்டார். பிறகு, “அந்த ‘ப்’பை மட்டும்” என்று ஆரம்பித்தார். வாக்கியம் அங்கேயே நின்றது. வாய் ஒரு பக்கம் கோணியது. மேஜையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சரிந்து தரையில் விழுந்தார். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தது.

அந்த வாக்கியத்தை முடித்துவைக்க எனக்குத் தோன்றவில்லை.

கடையின் கதவைச் சாத்தினேன். மேஜைமேல் ஒரு ரேடியோ பாதி வேலையில் இருந்தது, அதை முடித்தேன். நடுவில் ஒருமுறை எழுந்து அவர் தலைக்கு அடியில் துணி வைத்தேன். இடது கையால் என் கால்சட்டையைப் பிடித்தார். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். ஐம்பத்தோரு வருடத்தில் நாங்கள் இருவரும் ஒரே அறையில், அவர் பேசாமல், அவ்வளவு நேரம் இருந்தது அதுதான் முதல் தடவை. பன்னிரண்டரைக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். நான் அங்கே இருந்தேன். பார்த்தேன். மருத்துவமனையில் நேரத்தை மறைத்தேன். படத்தை மறைத்தேன். அவர் சொல்லச் சொன்னதைச் சொல்லவில்லை. ஆறு வரியில் ஐந்து சரி என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஆறாவது வரி இப்போது பொருந்தாது. அன்று முன் அறையில் பேச்சுச் சத்தம் கேட்டு அண்ணி எழுந்து வந்தார். அதற்குள் மகள் டிவியை அணைத்துவிட்டாள். “என்ன ஆச்சு? எல்லாரும் ஏன் இப்படி நிக்கறீங்க?” என்று அண்ணி கேட்டார். மகள் தலையை ஆட்டி என்னிடம் கெஞ்சினாள். தபால்காரர் தரையைப் பார்த்தார். கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? “ஒண்ணுமில்ல அண்ணி. நீங்க ஊட்டின சாப்பாடு மூச்சுல போகுதுன்னு அண்ணன் மூணாம் மாசமே சொல்லிட்டாரு” என்றேன். திக்கவே இல்லை. அண்ணி தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். அன்றிலிருந்து அந்தக் கையால் அவர் எதையும் எடுத்துச் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்படுகிறேன். மகள் என்னை மன்னிக்க மாட்டேன் என்கிறாளாம். உண்மையைச் சொன்னதற்கு ஏன் மன்னிப்பு என்று எனக்குப் புரியவில்லை.

வழக்குத் தாளில் என்னைப் பற்றிக் கொடூரன் என்று ஒரு வார்த்தை இருப்பதாக உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் சொன்னார். அதை எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அதோடு கூட இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: அண்ணன் படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் உறவுக்காரர்கள் ஒரு தடவை, இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள், ஒரு நாள்கூடத் தவறாமல் போய், பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டவன் நான் ஒருவன்தான்.